பின்சக்கரம் ஐம்பது மில்லிமீட்டர்

பிப்ரவரி 3, திங்கள்

காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, பதினோரு மாத ஆலோசனைக்குப் பிறகு, என் சைக்கிளின் பின்சக்கர விளிம்பு ஐம்பது மில்லிமீட்டர் ஆழம் கொண்டதாக இருக்கும் என்று முடிவு செய்தேன். முன்சக்கரம் நாற்பத்தைந்து. இரண்டும் கார்பன். முடிவு எடுக்கப்பட்ட இடம் குளியலறை. நேரத்தையும் இடத்தையும் குறித்து வைப்பது பின்னால் வருபவர்களுக்கு உதவும்.

வீட்டாருக்கு உடனே அறிவித்தேன். சுகந்தி இடது கையால் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். வலது கையில் மாவுக்கட்டு. "சரிங்க" என்றாள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள் ஆதிரை புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. வரலாற்றுத் தருணங்களில் குடும்பங்கள் இப்படித்தான் நடந்துகொள்கின்றன.

இந்த நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இதை எழுதச் சொன்னவர் மனநல டாக்டர் தாட்சாயணி. கோபம் வரும்போதெல்லாம் தேதி போட்டு, என்ன நடந்தது, எவ்வளவு கோபம், வேறு என்ன செய்திருக்கலாம் என்று எழுத வேண்டுமாம். எனக்குக் கோபம் வருவதில்லை. பொங்கலுக்கு மறுநாள் சுகந்தியின் மணிக்கட்டு சமையல் மேடையின் விளிம்பில் பட்டு முறிந்தது. அப்போது நான் அருகில் இருந்தேன். எனக்கும் அதற்கும் உள்ள தொடர்பு அவ்வளவுதான். ஆனாலும் சுகந்தி ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தொண்ணூறு நாளு. ஊட்டுல ஆகட்டும் வெளியில ஆகட்டும், யாரு மேலயும் கை வெக்கக் கூடாது. வெச்சீங்கன்னா பாப்பாவைக் கூட்டிட்டுக் கோபிக்குப் போயிருவேன். அப்புறம் திரும்பி வர மாட்டேன்."

கோபி அவள் பிறந்த ஊர். இன்று முதல் நாள். மே மூன்றாம் தேதி தொண்ணூறாவது நாள். சொல்லிச் செய்யும் கார்பன் சக்கரம் கைக்கு வந்து சேரவும் ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகும். இயற்கையில் இப்படி ஒரு ஒழுங்கு இருப்பது மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

கோபம்: இல்லை.

பிப்ரவரி 5, புதன்

கோவை சுங்கம் பகுதியில் எட்வினின் பட்டறை. இந்த ஊரில் சக்கரத்தைக் கையால் கட்டுகிறவர் அவர் ஒருவர்தான் என்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரே அறை. கம்பிகள் நீளவாரியாக ஆணிகளில் தொங்குகின்றன. கட்டி முடித்த சக்கரத்தின் கம்பியை விரலால் மீட்டிக் காதைச் சாய்த்துக் கேட்கிறார். வீணை வித்வான்கள் கூட இவ்வளவு அலட்டிக்கொள்வதில்லை.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவின் தலைவர் பாலகுருவும் உடன் வந்திருந்தார். பல் டாக்டர். எதற்கும் சிரிப்பவர்.

எந்தச் சாலையில் ஓட்டுகிறேன், மலை ஏறுவேனா, இறங்கும்போது பிரேக்கை எப்படிப் பிடிப்பேன் என்றெல்லாம் எட்வின் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியாக எடை. எடையைப் பொறுத்துத்தான் கம்பிகளின் எண்ணிக்கையாம். எழுபத்தாறு கிலோ என்றேன். பாலகுரு விட்டத்தைப் பார்த்தார். எட்வின் பென்சிலைச் சற்று நிறுத்தி, பிறகு எழுதினார். முன்னால் இருபது கம்பி, பின்னால் இருபத்துநான்கு. எண்பத்தைந்துக்கு மேல் போனால் இருபத்தெட்டு போட வேண்டுமாம். இருபத்தெட்டுக் கம்பி என்பது அரிசி மூட்டை ஏற்றுகிறவர்களுக்கானது.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சக்கரம் சொல்கிறவர் ஆர்டர் தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டும். நூற்று நாற்பது பேர் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட தாளில் உண்மையான எடையை எழுதுகிறவனை நேர்மையானவன் என்று யாரும் சொல்வதில்லை.

புறப்படும்போது எட்வின் சொன்னார்: "சக்கரம் எடுக்க வர்றப்ப ஒருவாட்டி ஸ்கேல்ல ஏறி நின்னுருங்க சார். அது என் பழக்கம். நிக்காம யாருக்கும் குடுத்ததில்ல."

அதற்குள் எழுபத்தாறுக்கு வந்துவிடுவேன். மூன்று மாதம் இருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

சிறுவாணி சாலை, அறுபத்தெட்டு கிலோமீட்டர். மாதம்பட்டி தாண்டி ஒரு நாய் துரத்தியது. நான் நிறுத்தி இறங்கினேன். காற்றடிக்கும் பம்பு சற்று வளைந்துவிட்டது. நாய் மறுபடி எழவில்லை. பாலகுரு சிரிக்காமல் இருந்ததை இன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சுகந்தியின் நிபந்தனையில் "யாரு மேலயும்" என்றுதான் இருக்கிறது. எது மேலும் என்று இல்லை.

பம்பு புதிதாக வாங்க வேண்டும்.

பிப்ரவரி 17, திங்கள்

ஹப் தேர்வு. சக்கரத்தின் நடுவில் இருக்கும் இந்தப் பகுதி, மிதிப்பதை நிறுத்தினால் ஒருவிதச் சத்தம் எழுப்பும். விலை கூடக்கூடச் சத்தமும் கூடும். ஏழு வகைச் சத்தங்களைப் பதிவு செய்து வந்து சாப்பாட்டு மேசையில் போட்டுக் காட்டினேன். சுகந்தி மிகவும் மெல்லியதைத் தேர்ந்தெடுத்தாள். ஆதிரையைக் கேட்டேன். "எது கேட்டா நீங்க வர்றது முன்னாடியே தெரியும்?" என்றாள். ஐந்தாவது என்றேன், அது தெருமுனையிலிருந்தே கேட்கும். "அப்ப அது" என்றாள்.

சிறு பெண்ணுக்கு இவ்வளவு நல்ல ரசனை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஐந்தாவதைச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 26, புதன்

அவினாசி ரோட்டில், ஹோப் காலேஜ் பக்கம், நின்றிருந்த கார் ஒன்றின் கதவு என் முன்னால் திறந்தது. நூலிழையில் தப்பினேன். ஓட்டுநர் பக்கத்துக்குப் போய்ச் சாலை விதிகளைப் பற்றிப் பேசினேன். பேச்சின் நடுவே கதவு மூடிக்கொண்டது. அவருடைய விரல்கள் உள்ளே முழுதாக வந்துசேராத நிலையில் அது மூடியது. பிறகு இன்னொரு முறையும் மூடியது. பின் இருக்கையில் ஒரு பெண்மணி இருந்தார். அவருடைய குரலின் சுருதி கூர்மையாக இருந்தது.

இரண்டு பேர் செல்போனில் படம் எடுத்தார்கள். தலைக்கவசமும் கண்ணாடியும் போட்டிருந்ததால் என் முகம் தெளிவாக வந்திருக்காது.

பனியனில் ரத்தம். மூக்கு உடைந்தது என்று சுகந்தியிடம் சொன்னேன். அவள் என் மூக்கைப் பார்த்தாள், பனியனைப் பார்த்தாள், ஒற்றைக் கையால் அதை ஊற வைத்தாள். மெல்ல ஆதிரையின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கோபம்: இல்லை. வேறு என்ன செய்திருக்கலாம்: பெரிய தெருவை விட்டு உள்தெரு வழியாகப் போயிருக்கலாம்.

மார்ச் 3, திங்கள்

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். சுகந்தி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டேன். ஸ்டியரிங் பிடித்துத் திருப்பினால் மணிக்கட்டுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னாராம். மருத்துவம் வெகுதூரம் முன்னேறிவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

எழுத்து. ரிம்மின் பக்கவாட்டில் பெயர் போட்டுத் தருவார்கள். நல்லசிவம் என்ற என் பெயரைத் தமிழில் போடுவது என்று முடிவு. நிறம் மங்கிய வெள்ளி. எழுத்துகள் எட்டு டிகிரி சாய்வு. எட்வின் ஆறு டிகிரி போதும் என்கிறார். இன்று மாலை முழுவதும் கணினியில் ஆறையும் எட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். இடையில் சுகந்தி பள்ளிப் படிவம் ஒன்றில் கையெழுத்துக் கேட்டாள். ஏழு டிகிரி என்ற எண்ணம் அப்போதுதான் பிறந்திருந்ததால் படிக்காமலே போட்டுக் கொடுத்தேன். அவள் படிவத்தை இரண்டு முறை ஊதி மை காய்ந்ததா என்று பார்த்துவிட்டு எடுத்துப் போனாள்.

ஏழு டிகிரி.

மார்ச் 23, ஞாயிறு

ஆலாந்துறை டீக்கடையில் நிறுத்தினோம். பதினான்கு பேர். பேச்சு என் சக்கரத்தைப் பற்றித் திரும்பியது. ஹப்பைப் பாராட்டினார்கள். பாலகுரு தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"ஏனுங் நல்லசிவம், அந்த எழுவத்தாறு கிலோ ஒரு காலுக்குங்களா, ரெண்டு காலுக்குங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். டீக்கடைக்காரரும் சிரித்தார், அவருக்கு இதில் என்ன தெரியும் என்று எனக்கு விளங்கவில்லை.

சற்று நேரத்தில் பாலகுருவின் முன்பற்கள் இரண்டு தேநீர்க் கோப்பைக்குள் இருந்தன. மூன்றாவதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டருக்கே பல் விழுவது வேறு யாருக்கும் விழுவதைவிட வசதியானது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். ஆனால் தன் வாயில் தானே கட்ட முடியாதாம். இன்னொரு டாக்டரிடம் போக வேண்டுமாம். அவர் மூக்கிலிருந்தும் ரத்தம் கொட்டியது. பெஞ்சின் கால் அங்கே இருந்தது. அவர் விழுந்த இடம் அது. நான் மிதித்தது அவர் விழுந்த பிறகு என்கிறார்கள். அந்த வரிசையை நான் மறுக்கவில்லை.

போலீசுக்குப் போவதில்லை என்று பாலகுரு கையால் சைகை காட்டினார். இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம். நான் வீடு வந்து சேர்வதற்குள் குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டிருந்தார்கள். என் ஆர்டர் தாள் அதில்தான் இருக்கிறது. நான் இனி அதைப் பார்க்க முடியாது.

கைமுட்டிகளுக்குச் சுகந்தி பனிக்கட்டி வைத்தாள். "யாருக்குங்க அடி?" என்று கேட்டாள். சறுக்கி விழுந்தேன் என்றேன். அப்போது போன் வந்தது. பாலகுருவின் மனைவி. சுகந்தி படுக்கையறைக்குள் போய் இருபது நிமிடம் பேசினாள். பிறகு வந்து எனக்குச் சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள், அப்பளம் இன்னொன்று வேண்டுமா என்று கேட்டாள். என் விளக்கத்தை அவள் ஏற்றுக்கொண்டாள் என்பது தெளிவு.

நாற்பத்தொன்பதாவது நாள். பாதி தாண்டிவிட்டோம்.

ஏப்ரல் 4, வெள்ளி

ரிம்கள் வந்துவிட்டன. எட்வினிடம் கெஞ்சி ஒரு நாள் வீட்டுக்கு வாங்கி வந்தேன். சமையலறைத் தராசில் நிறுத்தேன். முன் ரிம் நானூற்று இருபத்தொன்பது கிராம். பின் ரிம் நானூற்று ஐம்பத்திரண்டு. கார்பனைத் தடவிப் பார்த்தால் பாம்புச் சட்டை போல் இருக்கிறது.

ரிம்களை வைக்க இடம் தேடியபோது வீட்டில் நிறைய இடம் இருப்பதைக் கவனித்தேன். குத்துவிளக்குகள் பாலிஷுக்குப் போயிருக்கின்றனவாம். தையல் மெஷின் பழுதுபார்க்கப் போயிருக்கிறதாம். சுகந்தியின் அலமாரியில் பாதி காலி. பட்டுப் புடவைகளுக்கு வெயில் காட்டத் தங்கை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். கோவையில் இல்லாத வெயில் கோபியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. எப்படியோ, தையல் மெஷின் இருந்த இடத்தில் சைக்கிள் சரியாகப் பொருந்துகிறது.

திருகை அளவாக முடுக்கும் கருவி ஒன்று வாங்கியிருக்கிறேன். அளவு வந்ததும் "டக்" என்று சத்தம் கொடுக்கும். இன்று முதல் முறை டக் என்றபோது அடுத்த அறையில் சுகந்தி கையிலிருந்த டம்ளரைப் போட்டுவிட்டாள். இரண்டாம் முறை எதையும் போடவில்லை. கையில் எதுவும் வைத்துக்கொள்ளாமல் நின்றிருந்தாள்.

ஏப்ரல் 12, சனி

எடை 92.3. ஸ்கேல் பழுது. அது பால்கனி வழியாக இறங்கிவிட்டதால் புதிது வாங்கினேன். புதியதும் பழுது.

ஏப்ரல் 24, வியாழன்

ஆதிரைக்கு இன்றோடு முழு ஆண்டுப் பரீட்சை முடிந்தது. வாசலில் அவளை நிறுத்தி, சக்கரத்தைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று கேட்டேன். நல்லா இருக்கும்ப்பா என்றாள். அவள் தலைக்கு மேல் இருந்த அடுக்கிலிருந்து ஹெல்மெட்டை எடுக்கக் கையைத் தூக்கினேன். அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு நான் போன பிறகும் அப்படியே இருந்தாளாம்.

ஐந்து பாடம், பத்து நாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பரீட்சை பெரிய சுமை.

மே 2, வெள்ளி

எண்பத்தொன்பதாவது நாள். எட்வின் அழைத்தார். சக்கரங்கள் தயார். இரண்டும் சேர்ந்து ஆயிரத்து நானூற்று முப்பத்தெட்டு கிராம்.

நாளைக் காலை குடும்பத்தோடு போகிறோம். புது வண்டிக்குச் செய்வதைப் போல் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம். சந்தனத்தின் எடை பற்றிக் கொஞ்சம் கவலை இருக்கிறது. மெல்லியதாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். சுகந்தி தானே கார் ஓட்டி வருவதாகச் சொன்னாள். போன வாரம் லைசென்ஸ் வந்ததாம். ஒரு பெட்டியையும் டிக்கியில் வைத்தாள். போகிற வழியில் யாருக்கோ கொடுக்க வேண்டுமாம்.

தொண்ணூறு நாளும் முடிகிற நாளில் சக்கரம் கைக்கு வருகிறது. யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது.

மே 19, திங்கள்

இடைப்பட்ட நாள்களில் நோட்டு வீட்டில் இருந்தது, நான் இல்லை. நினைவிலிருந்து எழுதுகிறேன்.

மூன்றாம் தேதி காலை பத்தேகாலுக்குப் பட்டறைக்குப் போனோம். இரண்டு சக்கரங்களும் தாங்கியில் நின்றன. எட்வின் பின்சக்கரத்தைச் சுழற்றிவிட்டார். அது நின்று முடிய இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. எட்வினின் மனைவி எல்லாருக்கும் மோர் கொண்டுவந்தார். சுகந்தி சந்தனம் வைத்தாள், மிக மெல்லியதாக.

பிறகு எட்வின் ஸ்கேலை எடுத்து வைத்தார். நான் முழு உடையில் இருப்பதைச் சொன்னேன். செருப்பைக் கழற்றினால் போதும் என்றார். ஏறினேன். 91.8 என்று காட்டியது. எட்வின் ஆர்டர் தாளைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் விஷயம் வேறு.

"பதினாறு கிலோ கொறச்சுச் சொல்லிருக்கீங்க சார். இதை நான் குடுக்க முடியாது. மலைல எறங்கறப்ப ஒரு கம்பி போச்சுன்னா மத்ததும் போயிரும், உங்க உசிரும் போயிரும். மூணு வாரம் குடுங்க, இருவத்தெட்டுல திரும்பக் கட்டித் தர்றேன். அதுக்குக் காசு வேண்டாம்."

"அப்பா, மூணு வாரந்தான" என்றாள் ஆதிரை.

இதற்குப் பின் நடந்தவற்றை அவரவர் ஒவ்வொரு வரிசையில் சொல்கிறார்கள். பின்சக்கரம் என் கையில் இருந்தது. எட்வின் தரையில் இருந்தார். சக்கரம் அவர்மேல் இறங்கியது. நான்கு முறை என்று ஆதிரை சொல்லியிருக்கிறாள், நான் எண்ணவில்லை. முதல் முறை அவர் கையைக் குறுக்கே வைத்தார், முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. மூன்றாவது முறை ஹப்பின் முனை வலது கண்ணில் பட்டது. அவர் மனைவி என் முதுகில் அடித்துக்கொண்டிருந்தார், மோர்ச் சொம்பால் என்று பின்னால் தெரிந்தது. எனக்கு வலிக்கவில்லை. நிறுத்திய பிறகு சக்கரத்தைத் தாங்கியில் மாட்டிச் சுழற்றிப் பார்த்தேன். கோணல் இல்லை. ஒரு மயிரிழை கூட இல்லை. எட்வின் கட்டும் சக்கரத்தைப் பற்றி ஊரில் சொல்வது மிகையல்ல.

சுகந்தியும் எட்வினின் மனைவியும் அவரைத் தூக்கிக் காரின் பின் இருக்கையில் படுக்க வைத்தார்கள். ஆதிரை முன்னால் உட்கார்ந்து கதவைப் பூட்டிக்கொண்டாள். தொண்ணூறு நாளில் வீட்டில் யாரையும் நான் தொடவில்லை என்பதைச் சுகந்திக்கு நினைவூட்டினேன். அவள் சாவியைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். குரல் உயரவில்லை.

"கார்க்காரன் வெரலை நசுக்குனது போன்ல வந்துச்சு, பாப்பாவே பாத்தா. பல் டாக்டர் சம்சாரம் அன்னிக்கே சொல்லிருச்சு. அந்தத் தொண்ணூறு நாளு உங்குளுக்கு இல்லீங்க. பாப்பா பரிச்சை முடியோணும், நான் வண்டி ஓட்டப் பழகோணும், டீசி வாங்கோணும். நேத்துத்தான் டீசி கைக்கு வந்துச்சு."

நான் பேசுவதற்குள் கார் நகர்ந்துவிட்டது. முதல் கியரில் சற்றுத் திணறினாள். சுங்கம் ரவுண்டானாவில் சரியாகத் திரும்பினாள்.

போலீசார் வந்தபோது நான் பட்டறையில்தான் இருந்தேன், சந்தனத்தைத் துடைத்துக்கொண்டு. சுகந்தி மருத்துவமனையிலிருந்தே வாக்குமூலம் கொடுத்திருந்தாள். பாலகுருவும் அன்று மாலை வந்து கொடுத்தாராம். கார்க்காரரைப் போலீசாரே கண்டுபிடித்துக் கூட்டிவந்தார்கள். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. பின்சக்கரத்தைச் சாட்சிப் பொருளாக எடுத்துப் போய்விட்டார்கள். கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில் "சைக்கிள் சக்கரம் ஒன்று" என்று மட்டும் எழுதியிருக்கிறது. முன்சக்கரம் எட்வினின் பட்டறையிலேயே இருக்கிறது. பட்டறை பூட்டியிருக்கிறது. எட்வினின் வலது கண்ணை எடுத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஜாமீன் கிடைத்தது. கோபிக்குப் போகக் கூடாது, சுகந்தியிடமோ ஆதிரையிடமோ போனில் கூடப் பேசக் கூடாது என்று அதில் இருக்கிறது. தினமும் காலை பத்து மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டிலிருந்து 4.2 கிலோமீட்டர். இன்று பழைய சக்கரத்தில் ஒன்பது நிமிடம் பத்து நொடி ஆனது.